பெரிய பஸ்ஸுக்குக் காத்திருந்தவள்

கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனிய சந்தியிலிருந்து ஹுன்னஸ்கிரியப் பக்கம் காலையில் சின்ன பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். கொண்டக்டர்கள் படியில் தொங்கிக்கொண்டு ஆள் கூப்பிடுவார்கள். உள்ளே உட்கார இடமும் இருக்கும். அவள் அசையமாட்டாள். ஒரு கையில் சோற்றுப் பை, மறு கையில் குடை, பார்வை முழுக்கப் பெரிய சிவப்பு பஸ் வரும் வளைவில். முதல் நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பஸ்களைப் போகவிட்டாள். நாலாவதும் பாதி காலியாகப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் ஏறவில்லை என்று கேட்டேன்.

“மலைப்பாதைங்க ஐயா. தப்பித்தவறி உருண்டாலும் பெரிய பஸ்ஸு ஏதாவது மரத்துல முட்டிக்கிட்டு நிக்கும். சின்னது ஆத்துக்கே போயிரும்.”

பகிடிக்குச் சொல்லவில்லை. யோசித்து முடிவு செய்த ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

இப்போது அவள் அந்தச் சந்தியில் நிற்பதில்லை. மாத்தளையில் அக்காள் வீட்டோடு போய்விட்டாள். எனக்கும் முழங்கால் விட்டுப்போய், வேலைக்குப் போவது நின்றுவிட்டது. ஆனாலும் பஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போய் அது சின்னதா பெரியதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். வீட்டில் இதற்கு ஏச்சு விழுகிறது.

நான் தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்கத் தெரியாததால் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலை ஸ்டோரில் வாரத்தில் சில நாள் கணக்குப் பார்க்கப் போனேன். தேயிலைத் தொழிற்சாலையை மலையகத்தில் நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அந்த ஸ்டோரை வெள்ளைக்காரப் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டுவார்கள். காட்டுகிறவள் அவள். சலிக்கும் அறையில் தூள் கூட்டிப் பெருக்கத் தொடங்கியவள், துணிச்சலான வாய் இருந்ததால் பயணிகளுக்கு முன்னால் வந்து நின்றாள். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் தொடங்கி, உருட்டும் மெஷின், சூளை, சலிக்கும் அறை என்று இறங்கி, கடைசியில் நீளமான மேசையில் கோப்பைகளை வரிசையாக வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள்.

என் மேசை வாசலருகில் இருந்தது. உள்ளே போகிறவர்களின் தொகையை எடுப்பதும் என் வேலை. எனக்கு அது வேலையே இல்லை. கூலி இல்லாமலும் எண்ணியிருப்பேன். பஸ்ஸில் போகும்போது பாதையின் வளைவுகளை எண்ணுவேன். ஏறும்போது ஒரு தொகை வரும், இறங்கும்போது வேறொன்று வரும். அது என்னை அன்று முழுக்க அரிக்கும். அவளுக்கு இது பெரிய வேடிக்கை. ஆனால் நான் விரல் நீட்டி ஆட்களை எண்ணுவதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

“காக்காய எண்ணுங்க, வளைவ எண்ணுங்க. மனுசங்கள எண்ணாதிங்க ஐயா. கண்ணு பட்டுரும்.”

அவள் வாயிலிருந்து ஆள்தொகை வந்ததே இல்லை. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் “நெறைய பேர்” என்பாள், அல்லது “கொஞ்சம் பேர்” என்பாள். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஒருமுறை கேட்டேன். “புள்ள இருக்காங்க ஐயா” என்றாள். ஒரே மகன் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்று என்று சொல்வதற்குக்கூட அவள் பயந்திருக்கிறாள்.

பெரியதில் அவளுக்கு இருந்த நம்பிக்கை பஸ்ஸோடு நிற்கவில்லை. மழைக்கு ஒதுங்கினால் பெரிய கட்டடமாகப் பார்த்து ஒதுங்குவாள். காது வலிக்குக்கூடத் தெல்தெனியவில் மருந்தெடுக்காமல் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவாள். அங்கே விடிந்ததிலிருந்து நிற்க வேண்டுமே என்று நான் அலுத்துக்கொண்டபோதுதான் காரணத்தைச் சொன்னாள். அவள் கணவன் காய்ச்சலோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறான். அங்கே மருந்து கொடுக்க இருந்த ஒரே ஆள், சம்பளத் தகராறில் இவன் தன்னை எதிர்த்துப் பேசியவன் என்று மனதில் வைத்து, வெறும் மாத்திரையைக் கொடுத்து லயத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை போனபோது கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். கண்டிக்கு வந்து சேரவில்லை.

“சின்ன எடத்துல ஒரு மனுசன் மொகத்தச் சுழிச்சா நம்ம கத முடிஞ்சிச்சுங்க. பெரிய எடத்துல நம்மள யாருக்கும் தெரியாது. ஆனா வரிசைன்னு ஒண்ணு இருக்கும். வரிசையில நின்னா நம்ம முற வரும்.”

மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூச்சு முட்டி நீலம் பாரித்தானாம். டிஸ்பென்சரி வாசலைத் திரும்பியும் பார்க்காமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டிக்குப் போனாள். வரிசையில் நின்றாள். முறை வந்தது. பிள்ளை பிழைத்தான். அவள் நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சு அல்ல. ஓர் உயிர் அதற்குச் சாட்சியாக வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது.

ரஷ்யா அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் பெரியது என்ற வழியால்தான். எங்கள் ஸ்டோர் பெரிய இலைத் தூள் செய்வது. அதை அதிகம் வாங்கியவர்கள் ரஷ்யக்காரர்கள். ஒரு வருஷம் அவர்கள் நாட்டுக் காசு திடீரென்று விழுந்துவிட்டது. கொழும்பு ஏலத்தில் எங்கள் தூளைக் கேட்க ஆளில்லாமல், மூட்டைகள் ஸ்டோரில் கூரையைத் தொட்டன. பாதி வாரம்தான் வேலை. அவள் அப்போது சலிக்கும் அறையில் இருந்தாள். எவனோ ஒருவன் எங்கேயோ இடறினால் தன் வீட்டு அடுப்பு அணைகிறது என்றால், அந்த எவனோ எவ்வளவு பெரியவனாக இருக்க வேண்டும் என்று அவளுக்குப் பட்டதாம். வேறொருத்தி கோபப்பட்டிருப்பாள். இவளுக்கு மரியாதை வந்தது.

பிறகு நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷம் வந்தது. எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, பயணிகளும் இல்லை. ஸ்டோர் மனேஜர் சுற்றிக் காட்டுவதையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தபோது ரஷ்யக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் நாடு பக்கத்து நாட்டுக்குள் படையோடு புகுந்திருந்த நேரம். பல நாடுகள் அவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்ததால் இங்கே வந்தார்கள் என்று நான் பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். எதுக்கு வந்தால் என்ன, வந்தார்களே என்றாள். அவர்களிடமிருந்தே பேச்சைப் பிடித்துக்கொண்டாள். வணக்கம், நன்றி, தேயிலை, கவனம், படி. அவள் முதலில் கற்ற சொல் ‘பல்ஷோய்’. அந்தப் பாஷையில் பெரியது என்று அர்த்தம். ஒரு வயதான அம்மா போகும்போது தன் தோளிலிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி இவள் தோளில் போட்டுவிட்டுப் போனாள். அதை அவள் பல நாள் வெயிலிலும் போட்டுக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் எங்களுக்குள் ஓயாத வாதம் இதுதான். அந்த நாடு இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை கிடக்கிறது என்பாள். ஒரு மூலையில் விடியும்போது மறு மூலையில் இருட்டுமாம் என்பாள். உலகமே சேர்ந்து தடை போட்டும் அசையவில்லையே என்பாள்.

“நீங்கதான் பேப்பர் படிக்கிறிங்க. விழுந்துச்சா, சொல்லுங்க.”

விழவில்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வளர்ந்திருக்கிறது என்றுகூடப் போட்டிருந்தார்கள். ஆனால் அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். ஒரு குண்டு செய்தால் அது உற்பத்தி. கணக்கில் கூடும். அந்தக் குண்டு வெடித்துப் போனால் எதிலும் கழிக்கமாட்டார்கள். திரும்ப ஒன்று செய்வார்கள், திரும்பவும் கூடும். அப்படி வளர்கிற வளர்ச்சி என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். எதைச் செய்தால் என்ன, செய்கிறவனுக்கு வேலை இருக்கிறதே, நம் ஸ்டோரில் பாதி வாரம்தானே என்று கேட்டாள். எனக்கு அன்று வளைவுகளின் எண்ணிக்கை தப்பிவிட்டது.

மகன் கண்டியில் ஒரு ஹோட்டலின் சமையலறையில் இருந்தான். மெலிந்த, சிரித்த முகமான பொடியன். கொத்து ரொட்டி போடும்போது தட்டுகிற தாளத்தில் ரோட்டில் போகிறவர்கள் நிற்பார்கள். ஹோட்டல் மூடிய பிறகு வெளிநாடு என்று அலைந்தான். வந்த வழிகள் இரண்டு. ஒன்று மாலைதீவு. திகனையைச் சேர்ந்த ஒருவர் அங்கே சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். எனக்கும் தெரிந்த மனிதர். மற்றது ரஷ்யா. பட்டாளத்து முகாமில் சமையல் வேலை, சண்டை நடக்கும் இடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கண்டியில் ஒரு ஏஜன்ட் சொன்னான்.

மகன் மாலைதீவையே நினைத்திருந்தான். கேட்டது அவளைத்தான். அவள் என்னிடம் கேட்டாள். மாலைதீவுக்கு அனுப்பு என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கையளவு தீவு, அதில் ஒரே முதலாளி, அவர் முகம் சுழித்தால் பிள்ளை எங்கே போவான் என்றாள். அப்போது நான் கேட்டேன். அவ்வளவு பெரிய பட்டாளம் என்கிறாயே, அதற்கு வெளியூர் ஆள் எதற்கு?

“பெரிய வீட்டுலதான் ஐயா சமையலுக்கு ஆள் வைப்பாங்க. சின்ன வீட்டுல அவங்களே ஆக்கிக்குவாங்க.”

பஸ்ஸில் முன் கதிரையில் இருந்தவர் இதைக் கேட்டுத் தலையாட்டினார். அவள் அதோடு விடவில்லை.

“சுடுறதுக்கு நம்ம பொடியன் எதுக்குங்க? அதுக்கு அவங்கக்கிட்ட கோடி கோடியா ஆள் இருக்கு. கத்திரிக்கா வெட்டுற கையில துவக்கக் குடுத்து அவங்களுக்கு என்ன ஆகப் போவுது?”

அவள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று அன்று என்னால் காட்ட முடியவில்லை. இன்றும், காகிதத்தில் எழுதிப் பார்த்தால், அவள் சொன்னதுதான் நியாயம்போல் இருக்கிறது.

மகன் அவள் சொல்லைத் தட்டாமல் ரஷ்யாவுக்குப் புறப்பட்டான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும்போது அந்தக் கம்பளிச் சால்வையை மகன் கழுத்தில் சுற்றிவிட்டாள். அந்த ஊர் நூல், அந்த ஊர் குளிரைத் தாங்கும் என்றாள்.

முதலில் வந்த அழைப்புகள் நன்றாக இருந்தன. உருளைக்கிழங்கு மலைபோலக் கிடக்கிறது, அண்டா நம் கோயில் அண்டாவைவிடப் பெரிது என்று சொன்னானாம். அதை அவள் பஸ் முழுக்கச் சொன்னாள். பிறகு ஒருநாள், எல்லாருக்கும்போல எனக்கும் துவக்குப் பிடிக்கக் காட்டித் தருகிறார்கள் அம்மா என்றான். முகாமில் இருக்கிறவர்கள் எல்லாரும் பழக வேண்டிய ஒழுங்காக இருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த அழைப்பில் இடம் மாற்றுகிறார்கள் என்றான். எங்கே என்று சொல்லவில்லை. மாலைதீவுக்கே போயிருக்கலாம் என்று ஒரு வார்த்தையாவது சொன்னானா என்று நான் கேட்டேன். இல்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டான் என்றாள். அதன் பிறகு அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை.

அவள் ஏஜன்டைத் தேடினாள். கந்தோர் பூட்டியிருந்தது. கொழும்பில் வெளிநாட்டு அமைச்சுக்குப் போனாள், பெரிய கேட், பெரிய கட்டடம், நீண்ட வரிசை. அவள் வரிசையில் நின்றாள். முறை வந்தது. பெயரைக் கேட்டுக்கொண்டார்கள். விசாரிக்கிறோம், அந்த நாட்டிலிருந்து பதில் வரவேண்டும் என்றார்கள். திரும்பவும் போனாள். திரும்பவும் முறை வந்தது. அதே பதில்தான் வந்தது.

கலகெதரவில் ஒருவர் அந்தப் பட்டாளத்திலிருந்து காயத்தோடு திரும்பி வந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். முன்பு இங்கே ஆமியில் இருந்த சிங்களவர். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் ஐயா என்றாள். கண்டியில் இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி, குருநாகல் பாதையில் போகும் பெரிய பஸ்ஸுக்குக் காத்திருந்து போனோம்.

அந்த மனிதருக்கு இடது கை முழங்கையோடு முடிந்திருந்தது. மனைவி எங்களுக்குப் பிளேன் டீ கொண்டுவந்து வைத்தாள். மகனின் படத்தைப் பார்த்ததும் அவர் இவளை அம்மே என்று கூப்பிட்டார். தெரியும், நன்றாகச் சமைப்பான், கொத்துப் போடுவதுபோல வெறும் தட்டில் தாளம் தட்டுவான் என்றார். அவள் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது.

பிறகு அவர் சொன்னார். சண்டை முனையில் குழிகளில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோக ஆள் அனுப்புவார்கள். சமையல்காரர்களும் சுமக்க வேண்டும். ஒரு காலையில் அப்படி ஒரு கூட்டம் போனது. அதில் அவன் இருந்தான். மேலே டிரோன் பறந்தது. திரும்பி வந்தவர்களில் அவனை இவர் பார்க்கவில்லை. அதற்கு அடுத்த நாள் இவருக்கே காயம் பட்டது.

அவள் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள்?

அவள் வாயால் ஆள்தொகை கேட்டது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை.

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எண்ணவில்லை அம்மே. யாரும் எண்ணுவதில்லை. தினமும் லொறியில் புது ஆட்கள் வந்து இறங்குவார்கள். நேற்று இருந்தவன் எங்கே என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. குறையக் குறைய வந்துகொண்டே இருப்பார்கள். அது அவ்வளவு பெரிய பட்டாளம்.

கடைசி வார்த்தையை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. அவருக்கு இவளைப் பற்றி என்ன தெரியும்?

கண்டிக்குத் திரும்ப ரோட்டுக்கு வந்தோம். தூரத்தில் பெரிய பஸ் வருவது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன பஸ் வந்து நின்றது. அவள் அதில் ஏறினாள். நான் பின்னால் பெரியது வருகிறது என்று சொல்ல வாயெடுத்து, பேசாமல் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் அவளே பேச்செடுத்தாள். அழவில்லை.

“எண்ணுனா கண்ணு படும்னு சொல்லுவேன்ல ஐயா. அங்க எண்ணவே இல்லையாம்.”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ்வளவு பெரிய நாடு. ஒரு ஆள் கொறைஞ்சா அதுக்கு எப்படிங்க தெரியும்?”

வாழ்நாள் முழுக்கத் தொகை போட்டவன் நான். பெரிய தொகைகளைச் சொல்லும்போது கடைசி இலக்கங்களை விட்டுவிடுவோம். சொல்வதற்குச் சுலபம், யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த நாட்டின் வளர்ச்சியை நான் இப்போதும் பத்திரிகையில் பார்க்கிறேன். அதில் அவனைக் கழித்திருக்கமாட்டார்கள். அவனை அவர்கள் கூட்டவே இல்லையே.

அடுத்த வாரமே அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அன்று வந்திருந்த கூட்டமும் ரஷ்யக்காரர்கள்தான். மனேஜர் தயங்கி, வேறு யாரையாவது கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வாசலில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே விட்டாள். நான் வழக்கம்போல எண்ணினேன். அவள் உதடும் அசைவதைப் பார்த்தேன்.

சுற்றி முடிந்து கோப்பைகள் வைத்த மேசைக்கு வந்ததும் அவள் தேநீர் ஊற்றவில்லை. கேத்தலைக் கீழே வைத்தாள். ஓர் ஆள் குறைகிறது என்றாள். எங்கேயாவது நிற்பார், வருவார் என்றார் மனேஜர். பயணிகளின் பஸ் டிரைவர் நேரமாகிறது என்று ஹோர்ன் அடித்தார். அவள் போய்ப் பஸ்ஸின் முன்னால் நின்று கையை விரித்தாள். ஆள் வராமல் பஸ் போகக் கூடாது என்று தனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் சொன்னாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

கொழுந்து வாட்டும் தட்டுகளுக்குப் பின்னால், பின்பக்க ஜன்னலில், ஓர் இளைஞன் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பொன்னிற முடி, மெலிந்த கை. அவள் மகனின் வயதுதான் இருக்கும். அவன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே இழுபட்டு வந்தான். கூட்டத்தில் அவனுடைய தாயைத் தேடிப் பிடித்து, அவன் கையை எடுத்து அந்தத் தாயின் கையில் வைத்து, இரண்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். அந்த அம்மா முதலில் சிரித்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, என்ன என்று தெரியாமலே, மகனின் கையை விடாமல் நின்றாள்.

அவர்கள் தேநீர் குடித்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது அவள் படியருகில் நின்று, ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு ஏற்றினாள். இந்தமுறை சத்தமாகவே எண்ணினாள். பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

“இருபத்திமூணு பேர் ஐயா. சரியா இருக்கு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க.”